யாழென்று பெயரிட்டால் போதுமா?

யாழ் மீண்டு வந்துவிட்டது என்கிறார்கள். மேடையிலும் விழா மலரின் அட்டையிலும் நினைவுப் பரிசாகவும் ‘சங்க கால யாழ்’ காட்சி தருகிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயின் அவற்றுட் சிலவற்றில் உலோகக் கம்பியும் கிட்டாருக்குரிய முறுக்குச் சாவியும் இருக்கின்றன, தோற்போர்வையைத்தான் காணோம். புதுக்கருவி செய்வதை நாம் குறை கூறவில்லை. புதியதற்குச் ‘சங்க காலம்’ என்று சீட்டு ஒட்டுவதையே மறுக்கிறோம்.

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கிட்டாரின் 1957, 1962ஆம் ஆண்டு வடிவங்களை 1982இல் மறுபதிப்பாக வெளியிட்டது. 1957 என்றால் கழுத்து மேப்பிள் மரம். 1962 என்றால் விரற்பலகை ஈட்டி மரம். மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ்தானா, திருகாணி அக்காலத்ததா என்று அதன் ஆர்வலர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். தொழிற்சாலையில் பிறந்து கால் நூற்றாண்டே கடந்திருந்த பொருளின் மறுபதிப்புக்கு இத்தனை கேள்வி! ஈராயிரம் ஆண்டுத் தொன்மை பேசும் நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

எங்கள் மடத்துக்குளம் வட்டாரத்தில் பின்னலாடைத் தொழில் அறிந்த எவரும் சொல்வர்: ஒப்புதல் பெற்ற சாம்பிளுக்கும் சரக்குக்கும் சாயம் ஒரு ஷேடு மாறினால் வாங்குபவர் ஏற்கமாட்டார். யாழுக்கு அத்தகைய சாம்பிள் உண்டா?

உண்டு. பொருநராற்றுப்படையின் தொடக்கமே அதுதான். மான் குளம்பு பதிந்த தடம்போல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர். விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துத் தைத்த தோல். துளைகளை அடைத்து நண்டின் கண்ணெனத் தெரியும் ஆணி. எட்டாம் நாள் பிறை வடிவில் வறுவாய். தலையெடுத்த பாம்பென நிமிர்ந்த கரிய மருப்பு. முன்கை வளையல்போல் அதைச் சுற்றி இறுகிய திவவு. பெரும்பாணாற்றுப்படையோ ஆயனின் வில்யாழுக்குக் குமிழங்கொம்பு, மரல்நார் என மரத்தையும் நரம்பையும் பெயர்சொல்லியே தருகிறது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இவை அச்சில் உள்ளன.

‘உவமையைக் கொண்டு தச்சுவேலை செய்ய முடியுமா? மூல யாழ் ஒன்றுகூட எஞ்சவில்லையே’ என்பர். உண்மைதான், உவமை அளவு சொல்லாது. ஆனால் தோல் வேண்டும், திவவு வேண்டும் என்பதை ஐயமறச் சொல்கிறது. நரம்பைத் திவவாற் கட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் பர்மாவின் சவுங் கருவியைப் பார்க்கட்டும். மான்தோல் போர்த்த அந்த வில்யாழில், வளைந்த தண்டைச் சுற்றிய கயிறுகளைத் திருகியே மரபுப்படி சுருதி கூட்டினர். அங்கும் முறுக்குச் சாவி நுழைந்திருக்கிறது. அது வசதிக்காக வந்த மாற்றம், தொன்மையின் சான்று அன்று.

எஞ்சிய இடத்தை ஊகத்தால் நிரப்பலாம். எது சான்று, எது ஊகம் என்று பிரித்துச் சொல்வதே கடன். விபுலாநந்த அடிகள் செய்தது அதுவே. இலக்கியம், இசையிலக்கணம், கணக்கு ஆகிய மூன்றையும் கொண்டு தாம் கண்ட முடிவுகளை 1947இல் ‘யாழ் நூல்’ ஆக்கி அவை முன் வைத்தார். அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம், வழி திறந்திருக்கிறது. இன்றைய கண்ணாடிப் பேழை யாழோடு எதை வைத்து வாதிடுவது?

ஆதலின் நாம் கேட்பது சிறிது. கருவியோடு ஒரு தாள் இருக்கட்டும்: மரம் எது, போர்வை எது, நரம்பு எது, எப்பாட்டின் எவ்வடி சான்று, எது செய்தவரின் கற்பனை. அத்தாள் தர மனமில்லையேல் ‘புதுயாழ்’ என்றே பெயரிடுங்கள். அதனால் கருவிக்கு இழுக்கில்லை. பொய்ச்சீட்டைக் கண்டு வளரும் பிள்ளைகளோ, பின்னர்ப் பாட்டைப் படிக்கையில் ‘திவவு’ என்ற சொல்லைப் பிழையென்று கருதுவார்கள்.