பிள்ளையின் விரல் கையெழுத்தாகுமா?

மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தந்த நீதி இது. ஆனால் தாராவியில், வேலை முடித்து வந்த தாய் கண்ணயர்ந்த நேரம், அவள் கைபேசியில் பொம்மைக் கரடி கூப்பிடுகிறது: 'தொடு, பரிசு உனக்கே!' பிள்ளை தொடுகிறான். சந்தா ஏறுகிறது, ரீசார்ஜ் பணம் நாள்தோறும் கரைகிறது. கேட்டால், 'நீங்கள்தானே சம்மதித்தீர்கள்' என்கிறார்கள்!

இருமுறை சம்மதம் பெற வேண்டுமென்று 2013இல் டிராய் உத்தரவிட்டது. குழந்தையிடம் இருமுறை கேட்டால் மட்டும் அது சம்மதமாகிவிடுமா? 2023இல் மத்திய அரசு 'சந்தாப் பொறி'யைத் தடை செய்தது. பொறி வைப்பவன் ஓய்ந்தானா? பயணியிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினால் எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு மெமோ வரும். இவர்களுக்கு மெமோ கொடுப்பது யார்?

பணம் இழந்தோர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணுடன் சங்கத்துக்கு வாருங்கள். பணம் திரும்பும்வரை விடமாட்டோம்.