எதற்கு, எதுவரை?

நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் உரிய அமிலக் குறைப்பு மருந்துகள், ‘கேஸ் மாத்திரை’ என்ற பொதுப்பெயரில், எதற்கு, எத்தனை நாளுக்கு என்ற இரண்டு கேள்விகளும் எழாமலேயே மருந்துக் கடைகளில் கைமாறுகின்றன. மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ எழுதப்படும் சீட்டில் ‘1-0-0, சாப்பாட்டுக்கு முன்’ என்ற குறிப்போடு துணைக்கு நுழையும் இம்மாத்திரை, வந்த நோய் தீர்ந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. காரணமும், நிறுத்தும் நாளோ மறுஆய்வு நாளோ சீட்டில் எழுதப்படாமல் இம்மருந்து எவருக்கும் தரப்படக் கூடாது.

இம்மருந்துகளின் அருமை சிறிதன்று. புண் முற்றியவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியையே அறுத்தெடுத்த காலம், 1976-ல் சிமெட்டிடினும் 1988-ல் ஒமிப்ரசோலும் விற்பனைக்கு வந்த பின்னர் பெருமளவு மாறியது. இரைப்பைச் சுவரின் செல்களிலிருந்து அமிலத்தை வெளியேற்றும் நொதிக்குப் ‘புரோட்டான் பம்ப்’ என்று பெயர். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை அதனைப் பற்றி முடக்குகின்றன. உணவின் தூண்டுதலால் அந்த நொதி இயங்கும் வேளையிலேயே மருந்து அதனை நன்கு பற்றும் என்பதால், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக உட்கொள்ள வேண்டிய மாத்திரையை, விருந்துண்டு எரிச்சல் கண்ட பின் விழுங்குவோர் அதன் பலனில் பெரும்பகுதியை இழக்கின்றனர்.

எனினும், அமிலத்தைக் குறைப்பது வேறு. நோயின் காரணத்தைக் களைவது வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை 1982-ல் வளர்த்தெடுத்து, மன உளைச்சலாலும் காரத்தாலும் வருவதாகக் கருதப்பட்ட புண்களில் பெரும்பாலானவற்றின் மூலம் அதுவே என்று காட்டினர். 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியை ஒழிக்க, அமிலக் குறைப்பு மருந்துடன் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் தர வேண்டும். வலிநிவாரணிகளால் வந்த புண்ணாயின் முதலில் அவற்றைக் குறித்து முடிவெடுக்க வேண்டும். கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும். ஆக, காரணம் தேடாமல் விழுங்கும் மாத்திரை, பின்னர் தேடும்போதும் காரணத்தை மறைக்கிறது.

எதுக்களிப்பு நோயில், அதாவது உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத் தசை தளர்ந்து அமிலம் மேலேறும் நிலையில், மாத்திரை அத்தசையை இறுக்குவதில்லை. ஆகவே 4 முதல் 8 வாரச் சிகிச்சையுடன், மிகுந்த உடல் எடையைக் குறைப்பதும், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுவதும் சேர்ந்தாக வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும், அடங்கியிருந்த சுரப்பு சில வாரங்களுக்கு முன்னிலும் மிகுந்து எழக்கூடும். நோயற்ற 120 பேரிடம் டென்மார்க்கில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், 8 வாரம் மாத்திரை உண்டு நிறுத்தியோரில் 44 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டோரில் 15 விழுக்காட்டினருக்கும் அமிலத் தொல்லைகள் தோன்றின. இதனை நோய் திரும்பியதாகக் கருதி மீண்டும் தொடங்குவோருக்கு மாத்திரையே மாத்திரைக்குக் காரணமாகிவிடுகிறது.

இம்மருந்துகளால் பெருந்தீங்கு இல்லை என்ற வாதத்தில் உண்மை உண்டு. சுமார் 17,600 பேரிடம் பான்டோபிரசோலைப் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 3 ஆண்டுகளில் குடல் தொற்று மட்டுமே கூடுதலாகத் தெரிந்தது. ஆயினும் நெடுநாள் பயன்பாட்டில் மக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையக்கூடும் என்பதும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை மருந்துக் குறிப்பில் சேர்க்குமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2019-ல் பணித்ததும் புறந்தள்ளத் தக்கவை அல்ல. அவற்றினும் பெரிய ஆபத்து தவறான நிம்மதி: மாரடைப்பின் வலி ‘கேஸ்’ என்று தள்ளிப்போடப்படுகிறது, விழுங்குவதில் சிரமம், எடையிழப்பு, கருநிற மலம் ஆகியவை காட்டும் எச்சரிக்கை, எண்டோஸ்கோபி செய்யப்படாமல் வீணாகிறது.

மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை, அட்டவணை ‘எச்’ மருந்துகளான இவற்றின் அட்டையிலேயே அச்சாகியுள்ளது. அதனை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. இரத்தக் கசிவு ஆபத்துடன் ஆஸ்பிரின் உண்போரும், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டோரும் நீண்டகாலம் இதனைத் தொடர வேண்டியிருக்கும். அவர்களுடைய சீட்டிலும் அக்காரணமும் மறுஆய்வு நாளும் இடம்பெற வேண்டும். மற்றவர்களுக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழியை மருத்துவரே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 முதல் நடத்திவரும் தமிழ்நாடு அரசு, அந்த ஊழியர்கள் வீட்டில் காணும் கேஸ் மாத்திரை அட்டையைக் குறித்தும் இரு கேள்விகளைக் கேட்டுப் பதிவுசெய்யச் செய்யலாம்: இது எதற்கு, எதுவரை? விடை கிடைக்காத அட்டைகள் அனைத்தும் மருத்துவரின் பார்வைக்குத் திரும்பியாக வேண்டும்.