மறை கமராவும் மனைக் காவலும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனொருவன் சங்கச் செய்யுளையோ திருமுறையையோ பற்றியே எழுதுவான் என அன்னார் கருதியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எழுத எண்ணியிருந்தேன். ஆயினும் சென்ற ஆண்டிலே என் கைக்கு வந்த ஒரு சிறு பணி அவ்வெண்ணத்தை மாற்றியது. வீட்டிலும் கடையிலும் களவைத் தடுத்தற்பொருட்டு மறைத்து வைக்கப்படும் கமராவைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுகின்றேன். எம் பழைய மாணவருட் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் ஊரிலே தனித்திருக்கின்றனர். வேறு பலர் வணிகராய் விளங்குகின்றனர். ஆதலின் இப்பொருள் இம்மலரைப் படிப்போர்க்கு அயலானதன்று.

என்னுடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் கனடாவிலே வாழ்கின்றார். அவருடைய அன்னையார் எண்பதாண்டு நிரம்பியவர். ஊரிலுள்ள பழைய வீட்டிலே, உதவிக்கென அமர்த்தப்பட்ட பெண்ணொருத்தியுடன் இருக்கின்றார். அயலிலே இரு வீடுகளிற் களவு நிகழ்ந்ததெனக் கேள்வியுற்ற நண்பர், சுவர் மணிக்கூடொன்றை எனக்கு அனுப்பிவைத்தார். அதன் முகத்திலே ஊசித் துளையளவான கண்ணொன்று மறைந்திருந்தது. "கூடத்திலே மாட்டிவிடு, ஒருவருக்குஞ் சொல்லாதே" என்பது அவரது வேண்டுகோள். நட்பின் பொருட்டு மாட்டினேன்.

ஒரு கிழமை செல்லுமுன் இரகசியம் வெளிப்பட்டது. தொலைபேசியிலே பேசுங்கால், "அம்மா, மத்தியான மருந்தை ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என நண்பர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அன்று மாலை அன்னையார் என்னை அழைப்பித்தார். மணிக்கூட்டைச் சுட்டி, "தம்பி, இந்தக் கண் என்னைப் பார்க்கவோ, இந்தப் பிள்ளையைப் பார்க்கவோ?" என்று வினாவினார். அருகே நின்ற அப்பெண் தலைகுனிந்து நின்றாள். எனக்கு விடை கூற நா எழவில்லை. கள்வனைப் பார்க்க என்று சொல்வதற்கு, அக்கண் வாயிலை நோக்கியிருக்கவில்லை. அவ்விருவரும் இருந்தெழும் இடத்தையே நோக்கியிருந்தது.

நண்பரின் அச்சம் நியாயமானதே. முதியோர் தனித்திருக்கும் வீடு கள்வர்க்கு எளிய இலக்காகும். அச்சங் காரணமாகக் கமராவை நாடுதலும் புதியதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே தாதியாய்ப் பணிபுரிந்த மேரி வான் பிறிற்றன் பிறவுண் என்னும் அம்மையார், பொலிசார் விரைந்து வாராத பகுதியிலே வேளையல்லாத வேளைகளில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தமையால், வீட்டுக் காவலுக்கென ஒரு தொலைக்காட்சிப் பொறியமைப்பை வகுத்தார். 1966ஆம் ஆண்டிலே அதற்கு உரிமம் வேண்டி விண்ணப்பித்தார்; 1969 டிசெம்பரில் அது வழங்கப்பட்டது. கதவிலே மேலுங் கீழுமாகத் துளைகள், அவற்றினூடே நோக்கும் கமரா, உள்ளே திரை, வந்தவரோடு பேசவும், தொலைவிலிருந்தே தாழ் திறக்கவும் வழி. இன்றைய வீட்டுக் காவற் கமராக்களுக்கெல்லாம் முன்னோடியென அது போற்றப்படுகின்றது. அம்மையாரின் கமரா கதவிலிருந்து வெளியே நோக்கியது என்பதே யாம் கருத்திற் கொள்ள வேண்டியது. வீட்டிலிருப்போரை அது நோக்கவில்லை.

காவற் கமரா வாயிலை நோக்குக, வாழ்வோரை நோக்கற்க, அது வெளிப்படையாய் இருக்க. இதுவே என் கருத்து. இக்கருத்து அறம் பற்றியது மாத்திரமன்று, பயன் பற்றியதுமாம்.

முதலாவது, மறைந்திருக்கும் கமரா எவரையும் தடுப்பதில்லை. காணாத ஒன்றுக்குக் கள்வன் அஞ்சான். அது களவு நிகழ்ந்தபின் படங்காட்டுமேயன்றி, நிகழாமற் காவாது. வெளிப்படையான கமராவுங்கூட யாவற்றையுந் தடுக்குமென்று கூறுவார் மிகைபடக் கூறுவோராவர். நாற்பதாண்டுக் காலத்து ஆய்வுகள் எண்பதைத் தொகுத்து 2019ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட மதிப்பீடு, கமரா பொருத்திய இடங்களிற் குற்றம் ஏறக்குறைய 13 விழுக்காடு குறைந்ததென்றும், வாகனத் தரிப்பிடங்களிலேயே பயன் மிகுதியென்றும் காட்டிற்று. நல்ல பூட்டும், வாயில் விளக்கும், விழிப்புள்ள அயலாரும் முதலில் வேண்டும். கமரா அவற்றுக்குத் துணையே.

இரண்டாவது, மறைவு கமராவின் ஆற்றலையே குறைக்கின்றது. ஊசித் துளையினூடே புகும் ஒளி சிறிது. ஆதலின் மங்கலான கூடத்திலும் இரவிலும் முகந் தெளிவதில்லை. மின்குமிழ், செருகி, மணிக்கூடு ஆகியவற்றுள் ஒளித்தவற்றை, முகத்தைக் காண்டற்கு ஏற்ற இடத்திலன்றி அப்பொருள் இருத்தற்கு ஏற்ற இடத்திலேயே வைக்க வேண்டியுளது. சிறு பற்றரியால் இயங்குவன தொடர்ந்து பதிவுசெய்யின் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

கமரா தெரிவுசெய்வோர் விளம்பரத்தை நம்பாது எளிய கணக்கொன்று செய்து பார்த்தல் நன்று. ஒருவரை இன்னாரென ஐயமறத் துணிதற்கு, அவர் நிற்குமிடத்திலே மீற்றர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டுமென்பது 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரவிதி. பரவலாக விற்கப்படும் கமராவொன்றின் படம் குறுக்காக 1,920 புள்ளிகளைக் கொண்டது. ஆகவே, ஏழரை மீற்றர் அகலத்துக்கு மேற்பட்ட பரப்பை அது நோக்குமாயின், ஆள் ஒருவர் வந்தார் என்பது தெரியுமேயன்றி யார் வந்தார் என்பது ஐயத்துக்குரியதாகும். செங்கோண அளவு விரிந்து நோக்கும் வில்லையாயின் நான்கு மீற்றருக்கப்பால் அத்தெளிவு இல்லை. வளவு முழுவதையும் ஒரே கமராவாற் காண விரும்புவோர் ஒருவர் முகத்தையுங் காணாதொழிவர். படலைக்கொன்றும் விறாந்தைக்கொன்றுமாக, முகத்தின் உயரத்துக்குச் சற்று மேலே வைப்பதே தக்கது. இரவிலே ஒளிருஞ் செங்கீழ்க் கதிர்கள் சாளரக் கண்ணாடியிற் பட்டு மீளுமாதலின், கண்ணாடிக்குப் பின்னிருந்து வெளியே நோக்குமாறு வைத்தலாகாது.

பதிவின் அளவையும் எண்ணுக. நொடிக்கு இரண்டு மெகாபிற்று வீதம் பதியுங் கமரா ஒரு நாளில் ஏறக்குறைய 21 கிகாபைற்று இடங்கொள்ளும். 64 கிகாபைற்று நினைவட்டை மூன்று நாளிலே நிறைந்து, பழையதன்மேற் புதியதை எழுதத் தொடங்கும். களவை நான்காம் நாள் அறிந்தவர்க்கு அங்கே சான்று இராது. அசைவு கண்டபொழுது மாத்திரம் பதியுமாறு செய்தல், பெரிய அட்டை வாங்குதல் என்பன இதற்குப் பரிகாரமாம். மின்சாரந் தடைப்படும் வேளையிலும் கமராவும் இணையத் தொடர்பும் இயங்குதற்கு மாற்று மின்வசதி செய்தலும் வேண்டும்.

மூன்றாவது, இணையத்தோடு தொடுக்கப்பட்ட கமரா எம் கண் மாத்திரமன்று. காவாதுவிடின் பிறர் கண்ணுமாம். 2016ஆம் ஆண்டிலே மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையிலிட்ட கடவுச்சொல்லை மாற்றாதுவிட்ட கமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்து அவற்றைத் தன் வயமாக்கியது. அதற்குக் கருவியாயிருந்தவை யாவரும் அறிந்த அறுபதளவான பெயர், கடவுச்சொல் இணைகளே. அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி, அவ்வாறு அடிமைப்பட்ட பொறிகளின் தாக்குதலால் டுவிட்டர், நெற்பிளிக்ஸ் முதலிய பெருந் தளங்களும் அமெரிக்காவிலே பல மணி நேரம் தடைப்பட்டன. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றாதவர் வீட்டுக்குப் பூட்டிட்டுத் திறப்பை அதிலேயே விட்டுச் செல்வாரை ஒப்பர்.

தென்கொரியாவிலே நிகழ்ந்தது இன்னுங் கொடியது. அங்கு மறை கமராக்களால் மானமிழந்த பெண்கள் பலராயினர். 2018ஆம் ஆண்டிலே பல்லாயிரம் பெண்கள் சியோல் நகர வீதிகளிற் கூடி நீதி கேட்டனர். 2019 மார்ச்சிலே, பத்து நகரங்களில் முப்பது விடுதிகளின் 42 அறைகளிலே, தொலைக்காட்சிப் பெட்டி, சுவர்ச் செருகி முதலியவற்றுள் ஒளித்த கமராக்கள் வாயிலாக ஏறக்குறைய 1,600 விருந்தினரின் அந்தரங்கம் இணையத்திலே விற்கப்பட்டமையைப் பொலிசார் வெளிப்படுத்தினர். அக்கருவிகள், காவலுக்கென்று கடைகளில் விற்கப்படுவனவற்றின் இனத்தைச் சேர்ந்தவையே. கருவி ஒன்று, கை வேறு.

"வணிகர் என் செய்வர்? கடைச் சிப்பந்தியே கல்லாவிற் கைவைப்பின் வெளிப்படையான கமரா பயன்படுமோ?" என வினாவுவார் உளர். தக்க வினாவே. இதற்கு ஸ்பெயின் நாட்டு வழக்கொன்று விடை தருகின்றது. 2009ஆம் ஆண்டிலே அங்குள்ள பேரங்காடியொன்றில் ஐந்து மாதங்களில் 80,000 யூரோவுக்கு மேற்பட்ட இழப்புக் காணப்பட்டது. முகாமையாளர் வாயில்களில் வெளிப்படையான கமராக்களையும், காசாளர் மேசைகளை நோக்கி மறை கமராக்களையும் வைத்தார். பத்து நாளிலே குற்றம் புலனாயிற்று, பதினால்வர் நீக்கப்பட்டனர். ஐவர் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடினர். 2018இலே அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2019 ஒக்ரோபரிலே பேரவையாய் அமர்ந்த நீதியரசர்கள் அதனை மாற்றி, உரிமை மீறப்படவில்லையெனத் தீர்த்தனர். இழப்புப் பெரிது; ஐயத்துக்கு ஆதாரம் இருந்தது; நோக்கிய இடம் காசு மாறும் மேசை மாத்திரம்; காலம் பத்து நாள்; பதிவைக் கண்டவர் சிலர். இவையே அவர்கள் நிறுத்துப் பார்த்தவை.

எனவே, மறை கமராவுக்கு இடமேயில்லை என யான் கூறேன். திட்டமான இழப்பு, ஆதாரமுள்ள ஐயம், குறுகிய இடம், குறுகிய காலம் ஆகிய நான்கும் ஒருங்கமைந்தவிடத்து வணிகர் அதனை நாடலாம். காரியம் முடிந்ததும் அகற்றல் வேண்டும். ஐயமேயில்லாத காலத்து ஆண்டு முழுதும் பணியாளரை ஒளிந்திருந்து நோக்குதலும், புடைவைக் கடையிலே உடைமாற்றும் அறையின் பக்கம் எக்கமராவையேனும் திருப்புதலும் எக்காரணங் கூறினும் தகா.

அயலார் உரிமையையும் மறத்தலாகாது. செக் நாட்டிலே, தம் வீட்டுச் சாளரங்கள் பன்முறை உடைக்கப்பட்டமையால் ஒருவர் 2007ஆம் ஆண்டில் இறவாரத்தின் கீழ்க் கமரா பொருத்தினார். அதன் பதிவாலே ஐயத்துக்குரிய இருவர் அகப்பட்டனர். எனினும், அக்கமரா வீதியையும் எதிர்வீட்டு வாயிலையும் பதிந்தமையால், அது வெறும் வீட்டுக் காரியமன்று, சட்டத்துக்கு உட்பட்டதே என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசெம்பரிலே தீர்த்தது. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டுளது. தனியாள் தன் வீட்டுத் தேவைக்கு மாத்திரம் செய்வதற்கு அதில் விலக்குண்டு. வணிகர்க்கு அவ்விலக்கு இல்லை. சட்டம் எவ்வாறாயினும், எம் கமரா அயலவரின் கிணற்றடியை நோக்காதிருத்தல் நற்குடிப் பண்பாம்.

தமிழாசிரியனாகையாற் குறளைத் தொடாது முடித்தல் எனக்கு இயலாது. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்தார்; பணிபுரிவோர், சுற்றத்தார் ஆகியோரையும் ஆராய்தல் ஒற்றின் கடனென்றார். மறை கமராவுக்கு இதனைச் சான்று காட்டுவார் இருத்தல் கூடும். ஆயின், அவ்வதிகாரம் இருப்பது பொருட்பாலிலே, அரசியலிலே, இல்லறவியலிலன்று. நாடு காக்கும் மன்னனுக்கு உரியதைத் தாயும் மகனும் வாழும் மனைக்கு உரியதாக்கல் பொருந்தாது. அன்றியும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ள வேண்டுமென்பதும் அங்கேயே கூறப்பட்டுளது. ஒரு மூலையிலிருந்து ஒரு கண் கண்ட படத்தை மாத்திரம் நம்பி, ஏழைப் பணியாள் ஒருத்தியைக் கள்ளியென்று கூறத் துணிவோர் இதனை இருமுறை எண்ணுவாராக.

அம்மணிக்கூட்டை யான் அன்றே கழற்றினேன். நண்பருக்கு உள்ளவாறு எழுதினேன். முதலிற் சினந்தார், பின்னர் உடன்பட்டார். இப்பொழுது படலையிலொன்றும் விறாந்தையிலொன்றுமாக இரு கமராக்கள் யாவருங் காண இருக்கின்றன. "இவ்விடம் கமராவாற் காவல் செய்யப்படுகின்றது" என்னும் பலகையும் உண்டு. அவற்றை எவ்வாறு நிறுத்துவதென்பதை அன்னையாரும் அப்பெண்ணும் அறிவர். வீட்டின் உட்புறத்தே ஒன்றுமில்லை. மருந்து எடுத்தீர்களா என்று நண்பர் நாடோறும் தொலைபேசியிலே கேட்கின்றார். அன்னையாரும் விடை கூறுகின்றார்.

கடல் கடந்து வாழும் சகோதரர்காள்! பெற்றோரின் வீட்டுக்குக் காவல் செய்யுங்கள். அது மக்கட் கடன். அக்காவலை அவர்கள் அறியச் செய்யுங்கள். மறைத்துச் செய்ய வேண்டுமென்னும் எண்ணம் எழுமாயின், யாரிடமிருந்து மறைக்கின்றோம் என ஒருமுறை வினாவிக்கொள்ளுங்கள். கள்வனிடமிருந்து அன்று, எம்மைப் பெற்றவரிடமிருந்தே என்பது விடையாயின், அக்கருவியைப் பெட்டியிலிருந்து எடாதிருத்தலே நன்று.