கைப்பேசி விளையாட்டும் டாக்டர் சீட்டும்

"எந்நேரமும் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான் ஹஜ்ரத், இவனுக்கு டாக்டர் சீட் கிடைக்குமா?" எழுமலைப் பக்கம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்பது இது. பிள்ளைகளிடம் பதில் தயாராக இருக்கிறது: வெளிநாட்டில் பொழுதுபோக்குக்கும் மதிப்பு உண்டாம்.

உண்மைதான். அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்தவற்றை 15 வரை எழுதலாம். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பு வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடிய அறுவை மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பி பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். ஆய்வில் இருந்தது 33 பேர்தான். எல்லோரும் ஏற்கெனவே டாக்டர்கள். இதைப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்!

இங்கே நிலவரம் வேறு. நீட் தேர்வில் 180 நிமிடம், 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. பொழுதுபோக்கை யாரும் கேட்பதில்லை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டிலும் நீட் மதிப்பெண்தான் வரிசையை முடிவு செய்கிறது. ஆகவே விளையாட்டு விண்ணப்பத்தைக் கெடுப்பதில்லை, தூக்கத்தைக் கெடுக்கிறது. இஷாவுக்குப் பின் தொடங்கி இரண்டு மணி வரை ஆடுபவன் ஃபஜ்ருக்கும் எழுவதில்லை, காலையில் இயற்பியல் கணக்கும் அவனுக்கு ஓடுவதில்லை.

அரசு தடுத்துவிட்டதே என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழக அரசு 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விதித்த தடை பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வதும் பண விளையாட்டையே. பணம் வைக்காமல் ஆடும் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் அந்த நேரத் தடைக்குள் வராது. வீட்டில் வாப்பாவும் உம்மாவும்தான் நேரம் வகுக்க வேண்டும். அவர்கள் கையிலும் அந்நேரம் போன் இருந்தால் பையன் கேட்க மாட்டான்.

கைப்பேசியைவிடப் பெரிய இழப்பு ஒன்று பல வீடுகளில் நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பையன் விளையாடிக் கெடுகிறான் என்று ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். கைப்பேசி அவனோடு புதுப் பள்ளிக்கும் போகிறது, ஒதுக்கீடு மட்டும் போய்விடுகிறது.