பந்தயக் கோலம் பூண்ட பழைய கார்

பாட்டியார் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பட்டுச் சேலையை வெட்டி, நாடகத்துக்கு இராச உடுப்புத் தைக்கலாமா என்று கேட்டால், வீட்டுப் பெண்கள் என்ன விடை சொல்வார்களென்பது வாசகர்களுக்குத் தெரியும். அச்சேலை ஏற்கெனவே பூச்சியரித்துக் கந்தலாகிவிட்டதென்றால் விடை சற்று மாறக்கூடும். மேனாடுகளிலே பழைய மோட்டார்க் கார்களைப் பேணுவோரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கொன்று ஏறக்குறைய இந்தச் சேலை வழக்குத்தான். வீதியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பழைய காரொன்றைப் பிரித்து, புகழ்பெற்ற பந்தயக் காரொன்றின் பிரதியாக மாற்றுவது முறையா, முறையன்றா என்பதே அவ்வழக்கு.

ஒரு காரை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா நகரிற் கூடிய மோட்டார்க் கண்காட்சியிலே, இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பனியார் ஈ-ரைப் என்னும் காரை முதன்முதலாகக் காட்டினார்கள். நீண்ட மூக்கும் பதிந்த முதுகுமாகப் பாயப் பதுங்கிய விலங்குபோல நின்ற அதனைக் கண்டு மோட்டார் உலகம் வியந்தது. அதன் உருவத்தை வகுத்த மல்கம் சேயர் என்பவர் முன்னர் பிரிஸ்டல் விமானக் கம்பனியிற் பணிபுரிந்தவர். காற்று எங்கே தடைப்படும், எங்கே வழுக்கிச் செல்லும் என்பதைக் கணக்கினாலே கண்டறிந்தவர். ஆறு சிலிண்டர், 3.8 லீற்றர், 265 குதிரைவலு, மணிக்கு 150 மைல் வேகம் என்று கம்பனியார் பறைசாற்றினர். திறந்த காரின் விலை வரியோடு 2,097 பவுண். அதே வேகமுள்ள இத்தாலியக் கார்களை வாங்க இதனினும் பன்மடங்கு பணம் வேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டுவரை எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஈ-ரைப் கார்கள் வெளிவந்தன.

அவ்வளவு கார்களுள்ளே பன்னிரண்டு மட்டும் வேறு சாதி. பெராரிக் கம்பனியாரின் ஜீ.ரீ.ஓ. காரைப் பந்தயக் களத்திலே எதிர்ப்பதற்காக, 1963, 1964ஆம் ஆண்டுகளில் ஜாகுவார் கம்பனியார் எடை குறைந்த ஈ-ரைப் சிலவற்றைச் செய்தார்கள். அவற்றுக்கு ‘லைற்வெயிற்’ என்று பெயர். பதினெட்டுக் கார்களுக்கு எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தும் பன்னிரண்டே முடிந்தன. உருக்குத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியத் தகடு, வார்ப்பிரும்பு எஞ்சின் கட்டைக்குப் பதிலாக அலுமினியக் கட்டை, மூன்று காபறேற்றர்களுக்குப் பதிலாக எரிபொருளைப் பீச்சியடிக்கும் லூக்காஸ் கருவி என்று மாற்றி, ஏறத்தாழ 250 இறாத்தல் நிறையைக் குறைத்து, வலுவை முந்நூறு குதிரைக்கு மேல் உயர்த்தினர். இத்தனை செய்தும் பெராரியை வென்றார்களா என்றால், பெரும் பந்தயங்களில் இல்லை. 1963இல் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்துக்கு அமெரிக்கச் செல்வர் ஒருவர் மூன்று லைற்வெயிற் கார்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்றுமட்டுமே முடிவுவரை ஓடி, ஒன்பதாம் இடத்தைப் பெற்றது. எனினும் காலம் செல்லச் செல்லப் பன்னிரண்டு என்னும் தொகையே அவற்றைத் திரவியமாக்கிவிட்டது. 2017இல் அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலே 73 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று.

பன்னிரண்டு பேருக்குமேல் யாரும் வைத்திருக்க முடியாத பொருளைப் பல நூறு பேர் விரும்பினால் என்ன நடக்கும்? பிரதி பிறக்கும்.

அது பிறக்கும் விதத்தை விளங்கிக்கொள்ள, ஈ-ரைப் காரின் உடலமைப்பைச் சிறிது அறிய வேண்டும். பழைய கார்களுக்கு உள்ளதுபோல ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும் அடிச்சட்டம் இதற்கு இல்லை. நண்டுக்கு ஓடே எலும்பாக இருப்பதுபோல, மடித்துப் பற்றவைத்த உருக்குத் தகடுகளாலான நடுக்கூடே உடலும் முள்ளந்தண்டும் ஆகிறது. எஞ்சினையும் முன்சில்லுகளையும் தாங்குவதற்காக மட்டும், உருக்குக் குழாய்களாற் செய்த சட்டமொன்று அக்கூட்டின் முன்புறத்திலே புரியாணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். இந்தப் புரியாணிகளை வாசகர்கள் மறந்துவிடலாகாது, பின்னர் வேண்டியிருக்கும்.

பிரதி செய்பவர் முதலில் ஒரு சாதாரண ஈ-ரைப் காரை வாங்குகிறார். எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்சில்லுத் தொகுதி, முன்சட்டம், கதவு, பொனற் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். எஞ்சுவது உருக்குக் கூடு. நாற்பது ஐம்பது ஆண்டு இங்கிலாந்தின் மழையிலும், பனியுருக வீதியிற் கொட்டும் உப்பிலும் ஓடிய கூடு பெரும்பாலும் வாசற்படியின் கீழும் தரையோரங்களிலும் துருவேறியிருக்கும். அதனை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அளவெடுத்துச் செய்த புதிய அலுமினியக் கூட்டை அவ்விடத்தில் வைத்து, கழற்றிய உறுப்புக்களைப் பந்தயத்துக்கேற்பத் திருத்தி மீளப் பூட்டுகிறார்.

சொல்லுவது எளிது. அலுமினியத்தோடு பழகியவருக்கே அதன் குணம் தெரியும். அதன் நிறை உருக்கின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு; அப்படியாயின் கூட்டின் நிறையும் மூன்றில் ஒன்றாக வேண்டுமே என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். நிறை குறைந்த அதே அளவிலே விறைப்பும் குறைந்துவிடுகிறது. ஆதலாற் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும். ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். மேலும், அடிக்க அடிக்க அலுமினியம் கடினமாகி வெடிக்கத் தொடங்கும். மீண்டும் இளக்குவதற்குச் சூடு காட்ட வேண்டும். இரும்பாயின் சிவந்து காட்டும். அலுமினியமோ எவ்வித அறிகுறியுமின்றி இருந்துவிட்டுத் திடீரென உருகி ஓட்டையாகிவிடும். ஆகையினாலே கைதேர்ந்த தகட்டு வேலையாளர் சவர்க்காரக் கட்டியினாலே தகட்டிற் கோடு கீறிச் சூடு காட்டுவார்கள். சவர்க்காரம் கறுத்தவுடன் நெருப்பை அகற்றிவிடுவார்கள். அடுக்களையிற் கிடக்கும் பொருள் வெப்பமானியாகும் விந்தையைக் கண்டீர்களா!

இன்னொரு தொல்லையும் உண்டு. முன்சட்டம் லைற்வெயிற் காரிலும் உருக்குத்தான். உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையிலே ஈரமும் உப்பும் புகுந்தால், மின்கலத்தில் நிகழும் அதே நிகழ்ச்சி அங்கும் நிகழும், அரிக்கப்படுவது அலுமினியம். பொருந்துமிடமெங்கும் ஈரம் புகாத பசையிட்டுப் பூட்டாவிடில், சில ஆண்டுகளில் வெண்பொடி உதிரத் தொடங்கும். பின்தடுப்புக்களும் கவனத்துக்குரியன. ஈ-ரைப் காரிலே அவை சில்லுகளின் அருகில் இல்லாமல், நடுவே பற்சக்கரப் பெட்டியை ஒட்டி இருக்கின்றன. வீதியில் இதனாற் பெரிய தீங்கில்லை. பந்தயத்திலோ தடுப்பின் சூடு பெட்டியை அடைந்து எண்ணெய்க் காப்பைக் கெடுக்க, கசியும் எண்ணெய் தடுப்பின்மீதே படும். காற்றுக் குழாய் வைத்து அவ்விடத்தைக் குளிரச் செய்யாதவர் தமது உயிரோடு விளையாடுகிறார் என்றே சொல்வேன். பழைய காரின் கோலம் வேண்டுமென்பதற்காக உருட்டுக் கூடும் பாதுகாப்பான எரிபொருட் பையும் வேண்டாமென்போரும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

நிற்க. வேலை முடிந்து கார் பளபளவென்று நிற்கிறது. இப்போது அதன் பெயர் என்ன?

நம் நாட்டில் ‘சசி நம்பர்’ என்று சொல்லும் எண், ஈ-ரைப் காரிலே நடுக்கூட்டில் வெட்டப்பட்டிருப்பதன்று. முன்னே சொன்ன குழாய்ச் சட்டத்தின் வலப்புறத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. சட்டமோ புரியாணிகளாற் பூட்டியது. கழற்றி எடுத்தால் எண்ணும் கூடவே போய்விடும். ஆகவே 1962இல் ஒரு குடும்பத்தைச் சுமந்து திரிந்த காரின் எண், இன்று அலுமினியக் கூட்டின் முன்னால் நிற்கிறது. அக்குடும்பம் ஏறியிறங்கிய கதவும், தரையும், கூரையும் ஒதுக்கிடத்திற் கிடக்கின்றன. எது அந்தக் கார்?

இவ்வாறான கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிற்று. 1929, 1930 ஆகிய ஈராண்டும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லிக் காருக்கு ‘பழைய முதலாம் இலக்கம்’ என்று செல்லப் பெயர். 1990இல் அதனை ஒரு கோடி பவுணுக்கு விற்கப் பேச்சாயிற்று. வாங்க இசைந்தவர்கள், வென்ற காரின் உறுப்புக்களில் மிகச் சிலவே இதில் எஞ்சியிருப்பதால் இஃது அந்தக் காரன்று என்று பின்வாங்கினர். பந்தயக் காருக்கு உறுப்பு மாற்றுவது இயல்பு, இதன் வரலாறு ஓரிடத்தும் அறாமல் தொடர்ந்து வந்திருக்கிறது, ஆகவே இதுவே அந்தக் கார் என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் தீர்த்தது. யாழ்ப்பாணத்தார்க்கு இத்தீர்ப்பு வியப்பைத் தராது. 1990க்குப் பிந்திய தட்டுப்பாட்டுக் காலத்திலே துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களில், தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்பு எத்தனை எஞ்சியிருந்தது? ஆயினும் அது ஐயாவின் கார் அன்று என்று வீட்டில் எவரும் சொன்னதில்லை.

ஆனால் பிரதியின் கதை இதற்கு நேர்மாறானது. பழுதுபட்டதை மாற்றி மாற்றி அதே காராக வைத்திருப்பது ஒன்று. பழுதில்லாததையும் மாற்றி வேறொரு காரின் முகத்தை ஒட்டுவது மற்றொன்று. முன்னதில் வரலாறு நீளுகிறது. பின்னதில் ஒரு வரலாறு முடிந்துவிடுகிறது.

ஜாகுவார் கம்பனியாரே பிரதி செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள். எஞ்சியிருந்த ஆறு எண்களுக்குரிய ஆறு லைற்வெயிற் கார்களைக் கட்டப்போவதாக 2014இல் அறிவித்து, பழைய கூடொன்றைக் கணினிக் கருவியால் அளந்து அவ்வண்ணமே கட்டி, ஒவ்வொன்றையும் பத்து இலட்சம் பவுணுக்கு மேலான விலைக்கு விற்றார்கள். 1957 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு அவர்களுடைய தொழிற்சாலையிற் பற்றிய தீயில், வீதிக்கேற்ப மாற்றிக்கொண்டிருந்த பந்தயக் கார்கள் ஒன்பது எரிந்தன. அவற்றுக்கு ஈடாக ஒன்பது புதிய கார்களையும் 2016இல் அறிவித்தார்கள். அவற்றைப் பழையன என்று எவரும் சொல்லவில்லை. அவற்றுக்காக ஒரு பழைய காரும் வெட்டப்படவுமில்லை. ஆகையால் எனக்கு அவற்றிற் குறை தோன்றவில்லை.

வெட்டப்பட்டவற்றுக்குச் சாட்சி வேண்டுமாயின் இத்தாலிக்குப் போகவேண்டும். 1960 முதல் 1963 வரை பெராரிக் கம்பனியார் நான்கு பேர் அமரும் ஜீ.ரீ.ஈ. என்னும் காரை ஏறத்தாழ 950 செய்தனர். அமைதியான, மரியாதையான கார். அதன் எஞ்சின் ஜீ.ரீ.ஓ. எஞ்சினுக்கு நெருங்கிய உறவு என்பதே அதற்குக் கேடாயிற்று. பிற்காலத்தில் விலை மலிந்தபோது அவற்றைப் பலர் வாங்கி, உடலைக் கழித்து, ஜீ.ரீ.ஓ. பிரதிகளாக மாற்றினர். இன்று ஜீ.ரீ.ஈ. காருக்கும் நல்ல விலை வந்துவிட்டது. வெட்டியவை மட்டும் மீளவில்லை.

ஆகவே பிரதியே கூடாதென்று நான் சொல்கிறேனா? இல்லை. கோடிக்கணக்கில் விலைபோகும் உண்மையான லைற்வெயிற் காரை வளைவில் முழு வேகத்தோடு ஓட்ட உடையவர் அஞ்சுவார். அந்த எஞ்சினின் குரலை இளைஞர் இன்று கேட்பது பெரும்பாலும் பிரதிகளாலேதான். சர்வதேச மோட்டார்ச் சங்கமும், அக்கால அளவுக்குச் சரியாக ஒத்திருக்கும் பிரதிக்குப் பழைய கார்ப் பந்தயத்தில் ஓட அனுமதிச்சீட்டு வழங்குகிறது. ஆனால் அச்சீட்டு காரின் பிறப்புக்குச் சாட்சியன்று. கூடு முழுதும் துருப்பிடித்து மீட்க முடியாத காரிலிருந்து பிரதி செய்பவர் கந்தல் சேலையில் உடுப்புத் தைத்தவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. தரையும் வாசற்படியும் உறுதியாயுள்ள காரைப் பிரிப்பவரோடுதான் என் வழக்கு.

மீட்க முடியாதது என்ற சொல்லையும் அவசரப்பட்டுச் சொல்லலாகாது. ஜெர்மனியரான பீற்றர் லிண்ட்னர் 1964 ஒக்டோபரிலே பாரிசுக்கு அண்மையிலுள்ள மொன்லெரிப் பந்தயத் திடலில் தமது லைற்வெயிற் காரிலே விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். கார் உருத்தெரியாமல் நசுங்கிற்று. பின்னாளில் அதற்குப் புதிய கூடு செய்து காரை எழுப்பினார்கள். அதனோடு அமையாமல், ஒதுக்கிக் கிடந்த பழைய கூட்டையே இங்கிலாந்துத் தொழிலாளர் மறுபடி எடுத்து, ஆயிரக்கணக்கான மணிநேரம் மடிப்பு மடிப்பாக நீவி, பழைய தகட்டிற் பெரும்பகுதியை மீட்டு, 2011இல் அக்காரோடு சேர்த்துவிட்டார்கள். சேயர் வகுத்த வளைவு அத்தகட்டில் மீண்டும் தெரிகிறது.

இனி, நமது பிள்ளைகளில் எவராவது இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்து, வசதியும் வந்து, இப்படியொரு பிரதியை வாங்க எண்ணினால், மினுக்கத்தைப் பார்க்குமுன் கடதாசிகளைப் பார்க்கட்டும். ஜாகுவார் மரபுக் காப்பகத்துக்கு எழுதினால், எந்தக் கார் எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த எஞ்சின் எண்ணோடு வெளிவந்ததென்று சான்றிதழ் கிடைக்கும். பின்பு விற்பவரிடம், கழற்றிய உருக்குக் கூடு எங்கே என்று கேட்க வேண்டும். அறுத்து இரும்புக் கடைக்குக் கொடுத்தாயிற்று என்றால், அதற்கு எழுத்து வாங்குக. கராஜின் பின்னே மூடிக் கிடக்கிறது என்றால், அதனையும் காரோடு சேர்த்து வாங்குக. வேறொருவருக்கு விற்றுவிட்டேன் என்று சொன்னால் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஏனெனில் அந்த வேறொருவர் அக்கூட்டின் முன்னே புதிய குழாய்ச் சட்டமொன்றைப் பூட்டி, அதில் அதே எண்ணை வெட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.