அடுத்தவர் பண்டிகைக்கு ஒரு பொன் வர்ணம்

டிசம்பர் 21. ஆண்டின் மிக நீண்ட இரவு. அன்று ஸ்ரீநகரில் பகல் பொழுது பத்து மணி நேரம்கூட இருக்காது. அன்றிலிருந்து நாற்பது நாள் ‘சில்லை கலான்’, அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’, சிறு குளிர். கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குட்டிக் குளிர். வீட்டுக்கு வரும் உறவினரை மூத்தவர், இளையவர், குழந்தை என்று அடையாளம் சொல்வதுபோலக் குளிருக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள் காஷ்மீரிகள். இந்த விருந்தாளி லேசுப்பட்டவர் அல்ல. 2024-ல் சில்லை கலான் பிறந்த இரவில் ஸ்ரீநகரின் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. டிசம்பரில் அப்படியொரு குளிரை அந்நகரம் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. குழாய்களில் தண்ணீர் உறைந்தது.

‘சில்லை’ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. நாற்பது என்ற எண்ணிலிருந்து பிறந்த சொல். ஈரானில் அதே இரவுக்கு ‘யல்தா’ என்று பெயர்; ‘செல்லே இரவு’ என்றும் சொல்வார்கள். வீட்டுப் பெரியவரைச் சுற்றி அமர்ந்து, மாதுளையும் தர்பூசணியும் தின்று, கவிதை படித்து விழித்திருப்பார்கள். ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து விண்ணப்பித்ததில், 2022-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இந்த இரவு இடம்பெற்றது.

பெயர் வந்த திசையிலிருந்தே கைத்தொழில்களும் வந்தன. 14-ம் நூற்றாண்டில் காஷ்மீருக்கு வந்த சூஃபி ஞானி மீர் சையத் அலி ஹமதானி, கைவினைஞர்களையும் உடன் அழைத்து வந்தார் என்பது பள்ளத்தாக்கின் நம்பிக்கை. அடுத்த நூற்றாண்டில் சுல்தான் ஜைனுலாபிதீன் அந்தத் தொழில்களுக்கு ஆதரவு தந்து வளர்த்தார். அவற்றில் ஒன்று காகிதக்கூழ் வேலை. எழுதுகோல் பெட்டிகள் செய்யப் பயன்பட்டதால் அன்று அதற்கு ‘கார்-இ-கலம்தானி’ என்று பெயர். ‘பேப்பியர் மாஷே’ என்ற பிரெஞ்சுப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

இன்று இந்தத் தொழிலைப் பெருமளவில் வாழவைப்பது கிறிஸ்துமஸ். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்கும் வர்ண உருண்டைகள், மணிகள், நட்சத்திரங்கள், பிறைகளில் ஒரு பகுதி ஸ்ரீநகரின் ஜடிபல், ஹசனாபாத் பகுதிகளின் குறுகிய சந்துகளிலிருந்து போகிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். தங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்காதவர்கள். ஆனால் சாண்டா கிளாஸின் தாடி எவ்வளவு நீளம், கலைமானின் கொம்பில் எத்தனை கிளை என்பது அவர்களின் தூரிகைக்கு மனப்பாடம்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ‘சக்தா’. பழைய காகிதத்தை நாள்கணக்கில் ஊறவைத்து, உரலில் இடித்து, அரிசிக் கஞ்சிப் பசை கலந்து அச்சின்மேல் அப்புகிறார்கள். காய்ந்ததும் சிறு ரம்பத்தால் இரண்டாக அறுத்து அச்சை எடுத்துவிட்டு, பாதிகளை மீண்டும் பசையால் ஒட்டுகிறார்கள். மேற்பரப்பைத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு பூசி, வெடிக்காமலிருக்க மெல்லிய காகிதம் ஒட்டி மீண்டும் தேய்க்க வேண்டும். இரண்டாவது கட்டம் ‘நகாஷி’, ஓவிய வேலை. ஆயிரம் பூ, பூவுக்குள் பூ, சினார் இலை, மீன்கொத்தி என்று பரம்பரை வடிவங்கள். ஓரத்தில் ஒரு பொன் கோடு. கடைசியில் வார்னிஷ். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டைக்கு இத்தனை பாடு.

டிசம்பர் பண்டிகைக்கான சரக்கு டிசம்பரில் தயாராவதில்லை. கோடையிலேயே வேலை மும்முரமாகிவிடும். இலையுதிர் காலத்துக்குள் கப்பலேறிவிட வேண்டும். அதனால் நடு ஆண்டில் எது நடந்தாலும் அடி கிறிஸ்துமஸ் மீது விழுகிறது. 2014 செப்டம்பரில் வெள்ளம் ஸ்ரீநகரை மூழ்கடித்தது. 2019 ஆகஸ்டில் பள்ளத்தாக்கில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. வெளிநாட்டு வியாபாரியுடன் பேச வழியில்லாமல் ஆர்டர்கள் கைநழுவின. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்தைத் தொட்டது. சரியாகச் சரக்கு அனுப்பும் பருவம்.

இவை அவ்வப்போது வரும் இடிகள். அன்றாடத் தொல்லை வேறு. உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களில் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. இயந்திரம் துப்பும் பிளாஸ்டிக் உருண்டையின் விலையோடு கையால் தீட்டிய உருண்டை போட்டியிட வேண்டியிருக்கிறது. ஏற்றுமதியாளர், இடைத்தரகர் எனப் பல கைகளைத் தாண்டிய பிறகே ஓவியருக்குக் கூலி வந்து சேர்கிறது. ஸ்ரீநகர் 2021-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களில் ஒன்றானது. 2024-ல் ‘உலகக் கைவினை நகரம்’ என்ற பட்டமும் கிடைத்தது. பட்டம் நகரத்துக்கு. பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கும் ஓவியரின் வீட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சரக்கெல்லாம் போன பிறகு ஓவியர்களுக்கு மிச்சமிருப்பது சில்லை கலான். அப்போது அவர்களுக்குத் துணை இன்னொருவரின் கைவேலை: காங்ரி. சிவந்த கரித்துண்டுகள் போட்ட மண் சட்டி. அதைச் சுற்றி வில்லோ பிரம்புப் பின்னல். தூக்கிச் செல்ல ஒரு பிடி. தொளதொள ‘ஃபெரன்’ அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டால் குளிர் வெளியே நிற்கும். இலையுதிர் காலத்தில் சினார் மரங்கள் உதிர்க்கும் இலைகளை எரித்துக்கூட அதற்குக் கரி சேர்த்து வைப்பார்கள். ஆபத்து இல்லாமலில்லை. வருடக்கணக்காக உடலோடு ஒட்டியிருக்கும் சூட்டால் தோலில் புற்றுநோய் வருவதை மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் மின்சாரம் போகும் இரவில் காங்ரிதான் கதி.

சரார்-எ-ஷரீஃப் ஊரின் காங்ரி வேலைப்பாட்டுக்குப் பேர்போனது. பின்னுபவர்கள் முஸ்லிம்கள். காஷ்மீரப் பண்டிட்டுகள் மகர சங்கராந்தி அன்று மறைந்த முன்னோர் நினைவாகத் தானம் கொடுத்துவந்தது அந்தப் பின்னலைத்தான். பித்ருக்களுக்குக் குளிரக்கூடாது என்ற கவலை இந்துவுடையது. அதைத் தீர்க்கும் கை முஸ்லிமுடையது. 1990-ல் பண்டிட்டுகளில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தபோது, பின்னுபவர்கள் இழந்தது வாடிக்கையாளர்களை மட்டுமல்ல.

காஷ்மீரின் குளிர்காலத்தை இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பண்டிகையை இன்னொருவர் கை அலங்கரிக்கிறது. இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் யாரும் அங்கே பேசுவதில்லை. அது பிழைப்பு. பிழைப்பாக இருந்ததால்தான் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. கூலி கட்டாமல் ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தால் அறுபடுவது ஒரு தொழிலோடு நிற்காது.

இந்த உருண்டைகளை வாங்க வெளிநாடு போகவேண்டியதில்லை. டெல்லியிலும் சென்னையிலும் மாமல்லபுரத்திலும் காஷ்மீர்க் கடைகள் இருக்கின்றன. காஷ்மீரக் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கையால் தீட்டியது என்றால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பூவின் இதழ் எங்காவது கொஞ்சம் சாய்ந்திருக்கும். விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன், அந்தச் சாய்ந்த இதழை ஒருமுறை பார்ப்பது நல்லது. அது நீளமான கோடைப் பகல்களில் யாரோ ஒருவர், தான் கொண்டாடாத ஒரு பண்டிகைக்காகக் குனிந்து உட்கார்ந்து தீட்டியது.