முதலில் வரையட்டும்



இந்த இதழின் நடுப்பக்கத்தில் எம்51 என்ற சுருள் விண்மீன் திரளின் வண்ணப்படம் இருக்கிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் போட்ட படம். அதனால்தான் அதன்மேல் ஓர் எண்ணைக்கூட அச்சிடவில்லை. எத்தனை கோடி விண்மீன், எத்தனை ஒளியாண்டு என்று தொடங்கினால், அந்த வயதில் ஆயிரமும் கோடியும் ஒன்றுதான். பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும். படத்தைத் தரையில் விரியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் கிரேயான் டப்பாவும் வையுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாதீர்கள்.

வரைகிற பிள்ளை நம்மைவிட நன்றாகப் பார்க்கும். நடுவில் மஞ்சள், சுருண்டு வரும் கைகளில் நீலம், நீலத்தின் ஓரமாக ரோஸ் புள்ளிகள், ஒரு கையின் நுனியில் ஒட்டினாற்போலக் குட்டித் திரள் ஒன்று. "இங்க மட்டும் ஏன் ரோஸ்?" என்று கேட்கும்போது சொல்லுங்கள்: மஞ்சள், வயதான விண்மீன்கள். நீலம், கொதிக்கும் சூட்டோடு இருக்கும் இளசுகள். ரோஸ் புள்ளிகள், புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகங்கள்.

சுருள் திரள்களின் கதையே ஓர் ஓவியத்தில்தான் தொடங்குகிறது. அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியைக் கட்டினார். அவ்வளவு மங்கலான ஒளியைப் பிடிக்கும் கேமரா அன்று கிடையாது. 1845இல் இதே எம்51ஐக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார், சுருள் தெரிந்தது. அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் இன்னொரு திரள் என்பது அவருக்கு உறுதியாகத் தெரியாது. 1923இல் வானியலாளர் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடா என்ற இன்னொரு சுருளில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டு, அதை வைத்துத் தொலைவைக் கணக்கிட்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வரைந்ததற்கும் புரிந்ததற்கும் நடுவே ஏறக்குறைய 80 ஆண்டுகள். நம் பிள்ளைக்கு ஒரு வாரமாவது கொடுப்போமே.

திரளின் சுருள் கை என்றால் என்ன என்பதை மைதானத்தில் காட்டலாம். பிள்ளைகளை வட்டமாக நடக்க விட்டு, ஓரிடத்தில் மட்டும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அங்கே நெரிசல் சேரும். உள்ளே வருகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். நெரிசல் மட்டும் கலையாது. சுருள் கைகளும் இத்தகைய நெரிசல்களே என்று 1964இல் சி.சி. லின், ஃபிராங்க் ஷூ என்ற அறிவியலாளர்கள் இருவரும் விளக்கினார்கள். நெரிசலில் வாயு நெருக்கப்பட்டு விண்மீன்கள் பிறக்கின்றன. நீலம் கைகளில் இருப்பது அதனால்தான். எம்51இல் பக்கத்துக் குட்டித் திரளின் இழுப்பும் சேர்ந்துகொண்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் பால்வெளியை வெளியிலிருந்து யாரும் படம் எடுத்ததில்லை. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இத்தனை ஆண்டுகளில் கடந்திருப்பது, ஒளி ஏறத்தாழ ஒரே நாளில் கடக்கும் தூரம். பால்வெளியின் குறுக்களவோ சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. ஆனாலும் எத்தனையோ புத்தகங்களில் முழுப் பால்வெளியும் புகைப்படம்போல அச்சாகி, சூரியனுக்கு ஓர் அம்புக்குறியும் போடப்பட்டிருக்கிறது. அது அளவீடுகளை வைத்து ஓவியர் வரைந்தது. "இதை யார் எடுத்தாங்க?" என்று பிள்ளை கேட்டால் அது அருமையான கேள்வி, உண்மையைச் சொல்லிவிடுங்கள். இனி நம் இதழில் வரும் ஒவ்வொரு வான்படத்தின் கீழும் 'புகைப்படம்' அல்லது 'ஓவியம்' என்று குறித்திருப்போம்.

பிள்ளைகள் வரைந்த சுருள்களை எங்களுக்கு அனுப்புங்கள். பெரியவர் கை படாமல், தாளின் பின்புறம் பெயரும் வயதும் எழுதி அனுப்பினால் போதும். அடுத்த இதழின் நடுப்பக்கத்தை அவற்றுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்